சென்னைக்கும் டோக்கியோவுக்கும் எத்தனை மணி நேரம்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டோக்கியோவில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி வீடியோ அழைப்பில் வந்து, "பாட்டி, உங்க வீட்டுக்கு எவ்வளவு தூரம்? ஸ்கூல்ல எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் என்பதால் அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் பிடிக்கவில்லை. ஏறக்குறைய 6,500 கிலோமீட்டர் என்றேன், அவளும் எழுதிக்கொண்டாள். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அப்போ எத்தனை மணி நேரம் ஆகும்?" அதற்கு என்னால் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர முடியவில்லை. மகளைப் பார்க்க இதுவரை மூன்று முறை போய்வந்திருக்கிறேன். மூன்று முறையும் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று ஆறு வேறு கணக்குகள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. பிள்ளைகளை அவ்வளவு தொலைவில் வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்தக் கணக்கு பயன்படும் என்பதால், குழந்தைக்குச் சொல்ல முடியாமல் போன நீண்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரம். என்னிடம் ஒரு பழைய உலக உருண்டை இருக்கிறது, குறுக்களவு 30 சென்டிமீட்டர். அதன் நடுச்சுற்று 94 சென்டிமீட்டர்; உண்மையான பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்பதால், உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் சுமார் 425 கிலோமீட்டர். சென்னையில் ஒரு விரலும் டோக்கியோவில் ஒரு விரலுமாக நூலை இழுத்துப் பிடித்தால், தொய்வு நீங்கி அது தானாகவே மிகக் குறுகிய வழியில் போய்ப் படியும். வகுப்பில் எத்தனையோ முறை மாணவர்களைச் செய்யவைத்த சோதனைதான். அந்த நூலை அளவுகோலில் வைத்தால் பதினைந்தே கால் சென்டிமீட்டரும் இன்னும் ஒரு நூலளவும் வருகிறது. மீனம்பாக்கம், நரிட்டா ஆகிய இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு முறைப்படி கணக்கிட்டால் 6,490 கிலோமீட்டர்.

நூல் எந்தெந்த ஊர்களின் மேல் போகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சென்னையிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி வங்காள விரிகுடாவைக் கடந்து, மியான்மரின் ராக்கைன் கடற்கரையில், சித்வே நகருக்குச் சற்று வடக்கே கரையேறும்போது சரியாகக் கால் பங்கு தூரம் முடிந்திருக்கும். மண்டலேயையும் பிறகு யுனான் மாநிலத்தின் குன்மிங்கையும் ஒட்டிப் போய், சரிபாதி தூரத்தில் சீனாவின் குய்சோ மாநிலத்து மலைகளுக்கு நடுவே, சுன்யி என்னும் நகரத்துக்கு அருகில் இருக்கும். முக்கால் பங்கு முடியும் இடம் ஷாங்காய்க்கு வடகிழக்கே உள்ள கடல். சென்னைக்கும் டோக்கியோவுக்கும் நடுப்புள்ளி என்றால் பெரும்பாலோர் ஹாங்காங் பக்கமாகக் கடலைக் காட்டுவார்கள். உண்மையில் அது கடலிலிருந்து வெகு உள்ளே, மலை நாட்டில் இருக்கிறது. நீண்ட தூர விமானங்கள் பெருவட்டப் பாதையில், அதாவது உருண்டையின் மேல் நூல் காட்டும் அந்த மிகக் குறுகிய வழியில், பறப்பதால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிச்சமாகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். இந்த வழியில் அந்த மிச்சம் சிறிது. தட்டை வரைபடத்தில் நேர்கோடு போட்டுத் திசை மாறாமல் பறந்தாலும் 6,550 கிலோமீட்டர்தான் வரும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரிலிருந்து புறப்படுவதால் வளைவின் லாபம் அறுபது கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது.

இனி நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொண்டு 6,490ஐ வகுத்தால் ஏழு மணி பதின்மூன்று நிமிடம் வரும். இணையத்தில் தூரம் கேட்டால் உடனே நேரத்தையும் சொல்லும் பக்கங்கள் பலவும் இந்த வகுத்தலைத்தான் செய்கின்றன. விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், உயரம் ஏறும்வரை மெதுவாகப் போகும் நேரம், ஒவ்வொரு நாட்டின் வானத்திலும் வகுத்துவைத்த வழித்தடங்களை ஒட்டி வளைந்து போகும் தூரம், இறங்குமுன் வரிசையில் காத்துச் சுற்றும் நேரம் ஆகியவை அதில் இல்லை. அவற்றுக்காக ஏறக்குறைய முக்கால் மணி சேர்த்துக்கொண்டால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். காற்று அந்தக் கணக்கை எவ்வளவு மாற்றும் என்பதை 2019 டிசம்பரில் நேரில் கண்டேன்.

அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் நிறுவனம் சென்னைக்கும் நரிட்டாவுக்கும் இடையே நேரடி விமானம் விட ஆரம்பித்திருந்தது. ஒரகடத்தில் 2010இல் நிசான் – ரெனோ கார் ஆலை வந்த பிறகு, திருப்பெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்து அமர்ந்தன; அவர்களுடைய அலுவலர்களின் போக்குவரத்தை நம்பித்தான் அந்தச் சேவை தொடங்கியது என்றாலும், குரோம்பேட்டையில் வீட்டை வைத்துக்கொண்டு மகளை டோக்கியோவுக்கு அனுப்பிவிட்டு இருந்த எங்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது. நள்ளிரவு கடந்து மீனம்பாக்கத்தில் ஏறினேன். விடிந்து சன்னலைத் திறந்தபோது கீழே சீனத்து மலைகள் மடிப்பு மடிப்பாகக் கிடந்தன. முன் இருக்கையின் திரையில் விமானத்தின் தரைவேகம் ஓடிக்கொண்டிருந்தது. வங்கக் கடலின் மேல் 870, 880 என்று இருந்த எண், சீனக் கரையைத் தாண்டியபோது 1,060ஐத் தொட்டு, பிறகு 1,090 வரை ஏறிற்று. எஞ்சின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. விமானம் கூடுதலாக எந்த முயற்சியும் எடுக்கவில்லை. காற்றே அதைச் சுமந்துகொண்டு போனது. கிளம்பியதிலிருந்து தரை தொட்டது வரை ஏழே முக்கால் மணி நேரம். ஜனவரியில் அதே நிறுவனத்தில், அதே வகை விமானத்தில் திரும்பி வந்தபோது ஒன்பதரை மணி நேரம் ஆயிற்று.

இந்த ஒன்றே முக்கால் மணி வித்தியாசத்துக்குக் காரணமான காற்றைத்தான் ஜெட் காற்றோட்டம் என்று பாடத்தில் சொல்லிக்கொடுப்போம். வெப்பமான தெற்குக் காற்றும் குளிர்ந்த வடக்குக் காற்றும் சந்திக்கும் எல்லையில், பத்துக் கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஒரு காற்று ஆறு அது. குளிர்காலத்தில் ஆசியக் கண்டத்தின் உட்பகுதி கடுமையாகக் குளிர்ந்துவிடுவதால், ஜப்பானுக்கு மேலே ஓடும் பகுதி உலகிலேயே மிக வலுவானவற்றில் ஒன்றாக ஆகிவிடுகிறது. சென்னை விமானம் தன் பயணத்தின் பின்பாதியில் அதற்குள் நுழைகிறது.

இந்தக் காற்றை முறையாக அளந்தவரும் ஜப்பானியரே என்பதை இந்தப் பயணத்தோடு சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். வாசபுரோ ஓயிஷி என்பவர் 1920இல் ததேனோ என்னும் ஊரில் தொடங்கிய மேல்வளி ஆய்வு நிலையத்தின் இயக்குநர். இன்றைய சுகுபா நகரத்துக்குள் இருக்கும் அந்த இடம் நரிட்டாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவுதான். அங்கிருந்து பலூன்களை வானில் விட்டு, கோணமானியால் அவற்றைக் கண்ணிமைக்காமல் தொடர்ந்து, அவை எந்த உயரத்தில் எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகின்றன என்று பொறுமையாகக் குறித்து வந்தார். ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 70 மீட்டருக்கும் மேல், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓடுவதை அவர் 1920களின் நடுவிலேயே கண்டுவிட்டார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்னும் ஆசையால் 1926இல் அந்த முடிவுகளை எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். அம்மொழி தெரிந்தவர் மிகச் சிலர் என்பதால் அதை ஏறெடுத்துப் பார்த்தவர்களும் குறைவு. 1944இன் இறுதியில் டோக்கியோவின் மேல் குண்டு வீச வந்த அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறிய பிறகே அதன் வலிமை வெளியுலகுக்கு உறைத்தது. ஒருவர் பலூனும் தொலைநோக்கியுமாக நின்று கண்டறிந்த உண்மை, இன்று என் மகள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் அரை மணியைக் குறைத்துக் கொடுக்கிறது.

ஆனால் போகும்போது கிடைத்த அரை மணியை வரும்போது அதே அளவில் திருப்பிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. பாதையின் பின்பாதியில் மட்டும், அதாவது 3,245 கிலோமீட்டருக்கு மட்டும், சராசரி 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது அந்தப் பாதியை 1,050 வேகத்தில் கடப்பதால் 31 நிமிடம் லாபம். திரும்பும்போது 750 வேகத்தில் கடப்பதால் 43 நிமிடம் நட்டம். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். போக வர இரண்டையும் சேர்த்தால், காற்றே இல்லாத நாளைவிடக் காற்றடிக்கும் நாளில்தான் மொத்த நேரம் கூடும். குளிர்காலத்தில் காற்று இன்னும் வலுவாக இருப்பதால் வித்தியாசமும் வளர்கிறது. கோடையில் அந்தக் காற்றாறு வடக்கே நகர்ந்து மெலிந்துவிடுவதால் இரு வழி நேரங்களும் நெருங்கி வருகின்றன. வயதானவர்களை அழைத்து வருவதாக இருந்தால், டோக்கியோவிலிருந்து திரும்பும் பயணத்தை டிசம்பர், ஜனவரியில் வைக்காமல் மே, ஜூனுக்குத் தள்ளுவது நல்லது என்பது என் கருத்து.

2020இல் கொரோனா வந்தது, அந்த நேரடி விமானமும் நின்றது. வரைபடத்தில் தூரம் அப்படியே இருந்தாலும், அன்று முதல் டோக்கியோ எங்களுக்கு இன்னும் விலகிப் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். இடையில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும் என்றால், எந்த ஊர் என்பதைப் பொறுத்துத் தூரமே மாறுகிறது. சிங்கப்பூர் வழியாகப் போனால் 2,920 கிலோமீட்டரும் 5,360 கிலோமீட்டருமாக மொத்தம் 8,280; நேர்வழியைவிட 1,790 கிலோமீட்டர், அதாவது இங்கிருந்து டெல்லிக்குப் போகும் தூரம் அதிகம். கோலாலம்பூர் வழியும் 8,000ஐத் தாண்டிவிடும். டெல்லி வழி சுமார் 7,670, கொழும்பு வழி 7,500க்குச் சற்று மேல். பாங்காக் வழி 6,880. ஹாங்காங் வழியோ 6,680 கிலோமீட்டர்தான். நேர்வழியோடு ஒப்பிட்டால் 190 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் சுற்று. அங்கே போகச் சென்னையிலிருந்து ஐந்தேகால் மணியும், அங்கிருந்து நரிட்டாவுக்கு நான்கு மணிக்குச் சற்று மேலும் ஆகும். சிங்கப்பூருக்குப் பழகிப்போன நம் மக்கள், விமானங்கள் அதிகம் என்பதாலும் தமிழ் கேட்கும் ஊர் என்பதாலும் அந்த வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நிம்மதிக்காக வானத்தில் மட்டும் கூடுதலாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் செலவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது. பெங்களூரிலிருந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் நரிட்டாவுக்கு நேரடியாகப் பறக்கிறது. அந்த வழி 6,700 கிலோமீட்டர். ஆனால் சென்னையிலிருந்து ரயிலில் நான்கரை மணி நேரம் போய், அங்கிருந்து பெட்டிகளோடு, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிவரை சாலையில் போக வேண்டும். கை கால் திடமாக இருப்பவர்களுக்குச் சரி.

ஜப்பான் தனிப்பட்ட சுற்றுலாப் பயணிகளுக்கு 2022 அக்டோபர் 11 அன்று கதவைத் திறந்தது. நான் நவம்பரில் கிளம்பினேன். பயணச்சீட்டில் இடைநிறுத்தம் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் என்று இருந்தது. காத்திருப்பு குறைவு என்று பார்த்துப் பார்த்து வாங்கிய சீட்டு அது. சென்னைக்கு வர வேண்டிய விமானமே தாமதமாக வந்ததால், நாங்கள் கிளம்பவே ஒரு மணி ஐம்பது நிமிடம் தாமதமாயிற்று. இறங்கி, முழங்கால் வலியோடு நீண்ட நடையை முடித்து வாயிலை அடைந்தபோது அங்கே விளக்கணைத்த மேசை மட்டும் இருந்தது. அடுத்த விமானம் ஒன்பது மணி நேரம் கழித்து. என்னோடு மாட்டிக்கொண்ட ஒரு தம்பதி, கைக்குழந்தைக்குப் பால்பொடி எல்லாம் சரக்குப் பெட்டியில் போய்விட்டது என்று தவித்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த முறை வீட்டு வாசலிலிருந்து மகளின் வாசல் வரை 26 மணி நேரம் ஆயிற்று. அதிலிருந்து, இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைநிறுத்தத்தை நான் ஏற்பதில்லை. மூன்று மணி நேரம் இருந்தால் நிம்மதி. போகி அன்று காலை சென்னையின் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாவதும், கார்த்திகை, மார்கழியில் புயல் வந்தால் ஓடுபாதையே மூடப்படுவதும் நமக்குத் தெரிந்தவைதாம். அந்த நாட்களில் இன்னும் கூடுதலாக விட வேண்டும்.

கடிகாரக் கணக்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். ஆனால் சென்னைக்கும் டோக்கியோவுக்கும் இடையே தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 60 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் சூரியக் கணக்கில் வித்தியாசம் நான்கு மணி நேரமாக இருக்க வேண்டும். மீதி அரை மணி எங்கே போயிற்று? இந்திய நேரம் நம்மூர்ச் சூரியனைப் பார்த்து வைத்ததன்று. உத்தரப் பிரதேசத்தில் மிர்ஸாபூர் அருகே போகும் 82.5 பாகைக் கோட்டைக் கொண்டு வைத்தது. ஜப்பான் நேரமும் டோக்கியோவின் நேரமன்று. கோபே நகரத்துக்குப் பக்கத்தில் அகாஷி வழியாகப் போகும் 135 பாகைக் கோட்டின் நேரம். நம் கடிகாரம் நம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது, அவர்கள் கடிகாரம் டோக்கியோவின் சூரியனைவிடப் பிந்தி ஓடுகிறது. 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன், நுங்கம்பாக்கத்து வானியல் ஆய்வகம் கணித்துத் தந்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின. அது நீடித்திருந்தால் டோக்கியோ நமக்கு 3 மணி 39 நிமிடம் முன்னால் இருந்திருக்கும்.

இது ஏட்டுக்கணக்கு மட்டும் அல்ல, உடம்பும் உணரும் கணக்கு. ஜூன் மாதத்தில் டோக்கியோவில் காலை 4:25க்கே சூரியன் உதித்துவிடும். அப்போது நம் ஊரில் மணி 12:55, நடுநிசி. போய் இறங்கிய முதல் வாரம், சன்னல் திரையின் ஓரத்தில் ஒளிக்கோடு விழுந்ததும் விழித்துவிட்டு, கண்கள் எரிய உட்கார்ந்திருப்பேன். கிழக்கே போகும்போது நாள் சுருங்குவதால் உடம்பு பழக நான்கு நாட்களாவது ஆகிறது. மேற்கே திரும்பி வரும்போது இரண்டு நாட்களில் சரியாகிவிடுகிறது. ஆகவே, பயண நேரத்தில் போகும் வழிக்குக் கிடைத்த அரை மணியைத் தூக்கத்தில் பல மடங்காகத் திருப்பிக் கட்டுகிறோம்.

நரிட்டாவில் இறங்கியதோடு பயணம் முடிவதும் இல்லை. டோக்கியோ என்று பெயர் சொன்னாலும் நரிட்டா சிபா மாநிலத்தில், நகரின் மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டோக்கியோ நிலையத்துக்கு விரைவு ரயிலிலேயே ஒரு மணி நேரம். இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி கசாயில் இருக்கும் மகள் வீட்டை அடையக் குடியேற்றப் பரிசோதனையும் சேர்த்து இரண்டரை மணி நேரமாவது ஆகும். நகரை ஒட்டியே இருக்கும் ஹனேடாவில் இறங்கும் விமானம் கிடைத்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள். நரிட்டாவில் நள்ளிரவுக்குப் பிறகு விமானங்கள் இயங்காது. ஹனேடா இரவு முழுவதும் விழித்திருக்கும்.

இவ்வளவையும் நான் குறித்து வைப்பதற்குப் பொழுதுபோக்கு காரணம் அன்று. 2023இல் ஒரு பிப்ரவரி இரவு, என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, இப்பவே கிளம்பினா நாளைக்கு எத்தனை மணிக்கு வருவேன்?" என்பதுதான். நான் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிர்க்காற்று மாதம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஹாங்காங் வழியைவிட அன்று பாங்காக் வழியில் காத்திருப்பு குறைவு என்று பார்த்துச் சொன்னேன். காலை பத்தரை விமானம், பாங்காக்கில் மூன்று மணி நேர இடைவெளி, நம் நேரத்தில் இரவு ஒன்பது மணிக்குள் மீனம்பாக்கம். சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்து இறங்கினாள். அவர் அன்று இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறந்து அவளைப் பார்த்தார். இப்போது நலமாக இருக்கிறார், தினமும் காலையில் நடக்கிறார்.

பேத்தியின் நோட்டில் எழுத, கடைசியில் நான் சொன்ன விடை இதுதான்: "வாசல்லேர்ந்து வாசலுக்குப் பதினெட்டு மணி நேரம்னு எழுதிக்கோ கண்ணு. நீ இங்க வர்றதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கூடச் சேர்த்துக்கோ." ஏன் இரண்டு மணி கூட என்று அவளுடைய ஆசிரியை கேட்டாராம். காற்று என்று சொல்லியிருக்கிறாள்.